வீட்டு சர்வர் வெளியிலிருந்து திறக்கவில்லையா? எங்கே அடைபடுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

என் அப்பா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பாலாற்றில் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, கரையை எவ்வளவு தொட்டது, எத்தனை நாளில் வற்றியது என்று பல வருடமாக அதில் எழுதி வருகிறார். எங்கள் பக்கத்தில் பாலாற்றில் தண்ணீர் வருவதே ஒரு சேதி. 2021 நவம்பரில் ஆறு பெருக்கெடுத்து ஓடிய நாட்களுக்கு மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். அந்த நோட்டை ஸ்கேன் செய்து, தேதிவாரியாகத் தேடிப் பார்க்கும்படி ஒரு சின்ன வலைத்தளம் செய்தேன். காட்பாடி வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டு அதையே சர்வராக்கினேன்.

வீட்டு வை-ஃபையில் அழகாகத் திறந்தது. ஆம்பூரில் இருக்கும் அத்தை மகளுக்கு முகவரியை அனுப்பினேன். அவளுக்குத் திறக்கவே இல்லை. இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தால், "பாதுகாப்புக் காரணத்துக்காக வெளியிலிருந்து வரும் கனெக்‌ஷனை பிளாக் செய்திருக்கிறோம் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எதை, எந்த இடத்தில், யாருக்காக அடைத்திருக்கிறார்கள் என்று சொல்ல அங்கே ஆளில்லை. மூன்று வாரம் ரவுட்டரில் கண்டதையும் மாற்றிப் பார்த்து வீணாக்கினேன். தடை எங்கே என்று முதலில் பார்த்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும் வேலை அது. உங்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் அடைக்கிறார்கள்

ஒரு கணினிக்கு வெளியிலிருந்து வந்து சேர 65,535 போர்ட்டுகள் உண்டு. வாசல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வலைப்பக்கம் 80-ஆம் வாசலில் வரும், பூட்டுச் சின்னம் போட்ட பாதுகாப்பான பக்கம் 443-இல் வரும், மின்னஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் 25-இல் பேசிக்கொள்ளும்.

2001 ஜூலையில் கோட் ரெட் என்றொரு புழு நிரல் பரவியது. மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வரில் இருந்த ஓட்டை வழியாக, 80-ஆம் வாசலில் நுழைந்து, 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. தங்கள் கணினியில் வெப் சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாத வீட்டுக்காரர்களும் அதில் மாட்டினார்கள். அமெரிக்காவில் பல கேபிள் இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்கு 80-ஐ அடைத்தது அப்போதுதான். 2003 ஜனவரியில் ஸ்லாமர் 1434 வழியாக வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் 135 வழியாக. 2017 மே மாதம் வான்னாகிரை 445 வழியாக வந்து மருத்துவமனைகளையே முடக்கியது. ஒவ்வொன்றும் வந்துபோன பிறகு ஒரு வாசல் மூடப்பட்டது. ஸ்பாம் அஞ்சலுக்காக 25 பல நிறுவனங்களில் ஏற்கெனவே மூடிக் கிடந்தது.

2016-இல் வந்த மிராய் இன்னும் நமக்கு நெருக்கமானது. அது கணினியைத் தேடவே இல்லை. கடையிலும் வீட்டிலும் மாட்டியிருக்கும் கேமரா பெட்டிகளையும் ரவுட்டர்களையும் தேடி, கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்தவற்றை எல்லாம் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை வைத்தே தளங்களின் பெயரை முகவரி எண்ணாக மாற்றிச் சொல்லும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உட்படப் பெரிய தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் திறக்க முடியாமல் செய்தார்கள். ஆகவே நிறுவனம் வாசலை அடைப்பதில் நியாயம் இருக்கிறது. எது அடைபட்டிருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் இருப்பதில்தான் நியாயம் இல்லை. இணைப்பு கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எவ்வளவோ பேருக்கு அலைச்சல் மிச்சம்.

இதோடு இன்னொரு காரணம் கலந்துவிடுகிறது. அது பாதுகாப்பே இல்லை, பற்றாக்குறை. இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. பழைய முறை (ஐபிவி4) முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் காலியானது. நம் ஆசிய-பசிபிக் பகுதி அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நோயாளியோடு வந்தவர்கள் அறை அறையாகத் தங்கியிருப்பார்கள். வாசலில் ஒரே கதவு எண். உள்ளே இருப்பவர் யாருக்கும் கடிதம் போடலாம். பதில் வந்தால், இன்ன அறைக்காரர் எழுதியதற்குப் பதில் என்று ரிசப்ஷனில் குறித்து வைத்திருப்பதால் சரியாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கதவு எண்ணை மட்டும் எழுதிக் கடிதம் போட்டால், அது எந்த அறைக்கு என்று யாருக்குத் தெரியும்? சிஜிநாட்டில் உங்கள் சர்வருக்கு வரும் அழைப்பின் கதி அதுதான். வாடிக்கையாளர் சேவையில் இதையும் "பாதுகாப்பு" என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. அதனால்தான் முதலில் சோதனை.

படி 1: வீட்டுக்குள் எல்லாம் சரியா

உலாவியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சர்வர் கணினிக்கு எப்போதும் ஒரே உள் முகவரி கிடைக்கும்படி ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, நேற்று வேலை செய்தது இன்று செய்யாது. அப்புறம் கைபேசியை வீட்டு வை-ஃபையில் வைத்து அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். சர்வரிலேயே திறக்கிறது, கைபேசியில் திறக்கவில்லை என்றால், உங்கள் வெப் சர்வர் 127.0.0.1 என்ற தனக்குள்ளான முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது அந்தக் கணினியின் ஃபயர்வாலே (வந்துபோவதை வடிகட்டும் காவல் நிரல்) தடுக்கலாம். இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: உங்களுக்குச் சொந்த முகவரி இருக்கிறதா

முழு வழிகாட்டியிலும் முக்கியமான ஐந்து நிமிடம் இது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் ஒரு ஐபி முகவரி இருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள். அடுத்து, என் ஐபி என்ன என்று கூகுளில் தேடி, வெளியுலகம் உங்களை எந்த முகவரியில் பார்க்கிறது என்று அதன் கீழே எழுதுங்கள். கூகுள் புள்ளி வைத்த எண்ணைக் காட்டாமல் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரியைக் காட்டினால் அது ஐபிவி6 என்ற புது முறை முகவரி. அதைத் தனியாகக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும். இப்போதைக்கு ஐபிவி4 முகவரியைக் காட்டும் தளம் ஒன்றில் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. படி 3-க்குப் போகலாம்.

ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது சிஜிநாட். இந்த வேலைக்கென்றே 2012 ஏப்ரலில் ஒதுக்கிய வரிசை அது. வேறு சந்தேகமே வேண்டாம். போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரின் ஒரு வாசலுக்கு வருவதை சர்வருக்குத் திருப்பி விடுவது) எவ்வளவு செய்தாலும் பலன் இல்லை, படி 4-க்குப் போய்விடுங்கள்.

10-இலோ, 192.168-இலோ, 172.16 முதல் 172.31 வரைக்குள்ளோ தொடங்கினால் இரண்டு சாத்தியம். நிறுவனமே உள் முகவரி கொடுத்திருக்கலாம். அல்லது வீட்டிலேயே இரண்டு ரவுட்டர் வரிசையாக இருக்கலாம். கேபிள்காரர் மாட்டிய ஃபைபர் மோடமும் ஒரு ரவுட்டர், வை-ஃபை நன்றாக வரட்டும் என்று நீங்கள் வாங்கி மாட்டியதும் ஒரு ரவுட்டர். என் வீட்டில் அப்படித்தான் இருந்தது. மோடத்தின் பக்கத்தைத் திறந்து அதில் என்ன முகவரி வந்திருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மோடத்தில் பொது முகவரி இருந்தால், அதை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்போது உங்கள் ரவுட்டர் மட்டுமே ரவுட்டராக இருக்கும். மோடத்திலும் பொது முகவரி இல்லையென்றால் சிஜிநாட் போலத்தான், படி 4-க்குப் போங்கள்.

படி 3: எந்த வாசல் மூடியிருக்கிறது

பொது முகவரி இருப்பவர்களுக்கு மட்டும் இது. ரவுட்டரில் மூன்று வாசல்களைச் சர்வருக்குத் திருப்பி விடுங்கள்: 80, 443, அப்புறம் யாரும் வழக்கமாகப் பயன்படுத்தாத பெரிய எண் ஒன்று, 28080 மாதிரி. சோதனைக்காக மட்டும் இதைத் திறக்கிறீர்கள். முடிந்ததும் மூடிவிட வேண்டும்.

சோதனையை வீட்டு வை-ஃபையிலிருந்து செய்யக் கூடாது. பல ரவுட்டர்கள் உள்ளிருந்து தங்கள் பொது முகவரிக்கே போகும் அழைப்பைச் சரியாகக் கையாளாது. திறந்திருந்தும் திறக்கவில்லை என்று காட்டும். கைபேசியில் வை-ஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதே நேரத்தில் சர்வரில் வந்துபோகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓட விட்டு, வெளியிலிருந்து ஏதாவது பாக்கெட் வந்து தட்டுகிறதா என்று கவனியுங்கள்.

28080 திறந்து, 80-உம் 443-உம் திறக்காவிட்டால், நிறுவனம் அந்த இரண்டை மட்டும் அடைத்திருக்கிறது. மூன்றும் திறக்காமல், டிசிபிடம்ப்பிலும் ஒரு பாக்கெட்கூட வராவிட்டால், உள்வரும் எல்லாவற்றையும் மேலேயே நிறுத்துகிறார்கள், அல்லது உங்கள் ரவுட்டர் அமைப்பில் பிழை இருக்கிறது. ரவுட்டரின் லாக் பக்கத்தை (நடந்ததைப் பதிவு செய்யும் இடம்) ஒருமுறை பார்த்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட் வருகிறது, பக்கம் திறக்கவில்லை என்றால் நிறுவனத்தின் மேல் பழியில்லை. கோளாறு உங்கள் கணினியில்.

திறக்காதபோது உலாவி என்ன சொல்கிறது என்பதையும் படியுங்கள். உடனே மறுத்துவிட்டது என்று வந்தால், அழைப்பு எங்கேயோ போய்ச் சேர்ந்து அங்கே இருப்பவர் "இங்கே யாரும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். வெகுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால், வழியிலேயே யாரோ சத்தமில்லாமல் வாங்கிக் கீழே போட்டுவிட்டார்கள். ஃபயர்வால்கள் பெரும்பாலும் இரண்டாவது மாதிரிதான் நடந்துகொள்ளும்.

படி 4: நிறுவனத்திடம் என்ன கேட்பது

"என் சர்வர் வேலை செய்யவில்லை" என்று கேட்டால் "நெட் வருதா சார்? வருதுன்னா எங்க பக்கம் பிரச்சினை இல்லை" என்றுதான் பதில் வரும். சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றே கேள்வி கேளுங்கள். என் இணைப்பு சிஜிநாட்டில் இருக்கிறதா? ஸ்டேட்டிக் ஐபி (மாறாத தனிப் பொது முகவரி) தருவீர்களா, மாதம் எவ்வளவு? உள்வரும் இணைப்பில் எந்தெந்த போர்ட்டுகளை அடைத்திருக்கிறீர்கள், எழுதிக் கேட்டால் எனக்கு மட்டும் திறப்பீர்களா? போனில் கேட்பதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எழுத்தில் வரும் பதில் பின்னால் உதவும்.

எனக்கு உண்மையைச் சொன்னவர் எங்கள் தெருவுக்கு லைன் பார்க்கும் கேபிள்கார அண்ணன்தான்.

"அண்ணா, எனக்குத் தனி ஐபி இருக்குதாண்ணா?" என்று கேட்டேன்.

"உனக்கு மட்டும் இல்ல தம்பி, இந்தத் தெருவுல யாருக்கும் கிடையாது. எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணுதான். தனியா வேணும்னா மாசம் பணம் கட்டணும், ஆபீஸ்ல எழுதிக் குடு" என்றார். மூன்று வாரக் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் கிடைத்தது.

எதற்கு வேண்டும் என்று கேட்டால் மறைக்காதீர்கள், வீட்டில் வெப் சர்வர் வைத்திருக்கிறேன் என்றே சொல்லுங்கள். சில வீட்டுத் திட்டங்களின் ஒப்பந்தத்தில் சர்வர் வைக்கக் கூடாது என்ற விதி இருக்கும். அதைப் படித்துவிட்டு முடிவு செய்வது உங்கள் பொறுப்பு. தொழிலுக்காக என்றால் தொழில் இணைப்பே வாங்கிவிடுவது நல்லது.

படி 5: உங்களுக்கு எந்த வழி

யாருக்காக இந்த சர்வர் என்று முதலில் யோசியுங்கள். வீட்டார் நாலு பேர் பார்க்க மட்டும் என்றால் எந்த வாசலையும் திறக்கவே வேண்டாம். டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு தனி வலைப்பின்னலை சர்வரிலும் அவர்கள் கைபேசியிலும் போட்டுவிட்டால் போதும். சிஜிநாட் இருந்தாலும் வேலை செய்யும், ஊரார் கண்ணிலும் படாது. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

பொது முகவரி இருந்து, 80 மட்டும் அடைபட்டிருந்தால், 443-ஐ மட்டும் வைத்து ஓட்டலாம். பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழ் எடுக்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாக 80-ஆம் வாசலில் வந்துதான் நீங்கள் நீங்கள்தானா என்று சரிபார்க்கும். அதற்குப் பதிலாக டிஎன்எஸ் பதிவு மூலம் சரிபார்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் எந்த வாசலும் தேவையில்லை. 443-உம் இல்லையென்றால் 8443 மாதிரி வேறு எண். ஆனால் முகவரியோடு அந்த எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். வயதானவர்களிடம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஐபி அடிக்கடி மாறினால் டக்டிஎன்எஸ் மாதிரி ஒரு சேவை புது முகவரியைத் தானாகப் பதிவு செய்துகொள்ளும்.

சிஜிநாட்டில் இருப்பவர்களுக்கு, படி 2-இல் ஐபிவி6 முகவரி வந்திருந்தால், அது ஒரு நல்ல வழி. முகவரிப் பஞ்சம் அதில் இல்லை, வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் சர்வரின் முகவரிக்கு, 443-க்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சோம்பல்பட்டு மொத்த ஃபயர்வாலையும் அணைத்துவிடாதீர்கள். டிவி, கேமரா எல்லாம் நேராக வெளியே தெரியத் தொடங்கிவிடும். பழைய ஐபிவி4 மட்டும் உள்ள இணைப்பிலிருந்து பார்ப்பவருக்கு இந்தத் தளம் திறக்காது என்பது இதன் குறை.

அடுத்தது டனல். க்ளவுட்ஃப்ளேர் இதை இலவசமாகத் தருகிறது. உங்களுக்கென்று ஒரு டொமைன் பெயர் வேண்டும். சர்வரில் ஒரு சின்ன நிரல் ஓடும். அது வீட்டிலிருந்து வெளியே போய் அவர்களோடு இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். பார்க்க வருபவர் அவர்களிடம் போவார், அவர்கள் அந்த இணைப்பு வழியாக உங்களிடம் கொண்டுவருவார்கள். லாட்ஜுக்குள் இருப்பவரே வெளியே பேசி, அந்தப் பேச்சைத் துண்டிக்காமல் வைத்திருப்பது போல. சுலபம், பாதுகாப்பும் உண்டு. ஆனால் பக்கத்தை மறைத்து அனுப்பும் பூட்டு அவர்களிடத்தில் ஒருமுறை திறந்து மூடப்படுகிறது. அதாவது உள்ளே போவதை அவர்களால் பார்க்க முடியும். பாலாற்று நோட்டுக்கு அது பரவாயில்லை. குடும்ப மருத்துவ ரிப்போர்ட்டுகளை நான் அதில் வைக்க மாட்டேன்.

நான் கடைசியில் எடுத்த வழி, மும்பையில் ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) வாடகைக்கு எடுத்து, வீட்டு சர்வரை வயர்கார்டு என்ற டனல் நிரல் மூலம் அதோடு இணைத்தது. விபிஎஸ்ஸுக்குப் பொது முகவரி உண்டு. 443-இல் வருவதை அது அப்படியே வீட்டுக்கு அனுப்பும். பூட்டைத் திறப்பது வீட்டில்தான், நடுவில் யாரும் படிக்க முடியாது. இங்கே ஒரு இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சும்மா இருக்கும் இணைப்பை சிஜிநாட் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். வீட்டுப் பக்க அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் என்ற இடத்தில் 25 என்று போடுங்கள். 25 நொடிக்கு ஒருமுறை சர்வர் ஒரு குரல் கொடுத்து இணைப்பை உயிரோடு வைத்திருக்கும். இதைப் போடாததால் எனக்கு ராத்திரி வேலை செய்த தளம் காலையில் இறந்து கிடந்தது.

படி 6: திறந்த பிறகு காவல் உங்களுடையது

நிறுவனம் போட்ட தடையை எந்த வழியில் தாண்டினாலும், அது இதுவரை பார்த்த காவல் வேலை உங்கள் தலையில் வந்துவிடுகிறது. தளம் திறந்த அன்றே சர்வரின் லாக்கைப் பாருங்கள். உங்களிடம் இல்லாத வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தையும் பாஸ்வேர்டு கோப்பையும் யார் யாரோ கேட்டுத் தட்டிக்கொண்டிருப்பார்கள். உங்களைக் குறிவைத்து அல்ல. எல்லா முகவரியையும் வரிசையாகத் தட்டும் நிரல்கள் அவை. ஒரு கதவு திறந்தால் போதும் அவற்றுக்கு.

443 தவிர எதையும் வெளியே விடாதீர்கள். எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து சர்வரை இயக்கும் வழி) உள்வலையிலோ வயர்கார்டுக்குள்ளோ மட்டும் இருக்கட்டும், அதிலும் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பு மட்டும். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். யூபிஎன்பியையும் அணையுங்கள், ஏனென்றால் உங்களைக் கேட்காமலே வாசலைத் திறந்துவிடும் வசதி அது. உபுண்டுவில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக ஏறும்படி வையுங்கள். சர்வரை முடிந்தால் ரவுட்டரின் விருந்தினர் வலையில் (கெஸ்ட் நெட்வொர்க்) வையுங்கள். ஒருவேளை யாராவது சர்வரைக் கைப்பற்றினாலும், அப்பாவின் கைபேசிக்கும் உங்கள் அலுவலக லேப்டாப்புக்கும் அங்கிருந்து வழி இருக்காது. டனல் முறையில் போகிறவர்களுக்கு இது சுலபம். போர்ட் ஃபார்வர்டிங் செய்கிறவர்களுக்குச் சில ரவுட்டர்கள் விருந்தினர் வலைக்கு அதை அனுமதிப்பதில்லை.

கேமரா பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூர் லாங்கு பஜார் மாதிரிக் கடைத்தெருவில் இன்று கேமரா இல்லாத கடை குறைவு. கடை முதலாளி வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று, மாட்டுபவர் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுவிட்டுப் போய்விடுவார். பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். மிராய் தேடியது சரியாக இந்தப் பெட்டிகளைத்தான். உங்கள் வீட்டிலோ கடையிலோ அப்படி இருந்தால், சர்வர் வேலையைத் தொடங்கும் முன் அதை மூடுங்கள். கேமராவைப் பார்க்க மேலே சொன்ன தனி வலைப்பின்னல் போதும். கருவி ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசச் சுத்தப்படுத்தும் நிரல்கள் கிடைக்கும்.

இனி நம் ஊர் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் லேப்டாப்பை மூடிய அலமாரிக்குள் வைத்து 24 மணி நேரமும் ஓட்டினால் பேட்டரி உப்பிவிடும். என்னுடையது உப்பியது. சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்து, காற்றோட்டமான இடத்தில் தரையோடு வையுங்கள். உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தவே கூடாது, கழற்றிவிடுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஃபைபர் மோடம் அணைந்துவிடும். ஆகவே மோடத்தையும் ரவுட்டரையும் இன்வர்ட்டர் லைனில் போடுங்கள்.

அப்பாவின் நோட்டைப் போன்ற திரும்பக் கிடைக்காத பொருள் என்றால், ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொன்று வேறு ஊரில் ஒருவர் வீட்டிலும் இருக்கட்டும். எங்களுடையது ஆம்பூரில் அத்தை வீட்டு பீரோவில் இருக்கிறது.

கேபிள்காரர் மோடத்தை மாற்றினாலோ, வேறு திட்டத்துக்கு மாறினாலோ, படி 2-ஐ மறுபடி செய்யுங்கள். போன மழைக்காலத்தில் இடி விழுந்து எங்கள் மோடம் போனது. புதிது மாட்டியதும் ஐபிவி6 ஃபயர்வால் அமைப்பு எல்லாம் பழையபடி ஆகியிருந்தது, யூபிஎன்பியும் தானாகத் திறந்து கிடந்தது. இப்போது ரவுட்டர், மோடம் இரண்டிலும் நான் மாற்றிய ஒவ்வொன்றையும் அப்பாவின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.